சேலத்து வெள்ளைக்கல் எல்லாம் சுண்ணாம்புக்கல் இல்லை

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மண் பரிசோதனையில் அமிலத்தன்மை அதிகம், சுண்ணாம்பு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேலத்தில் விசாரித்தால் ஒரு கடைக்காரர் 'வெள்ளைக்கல் பவுடர்' என்கிறார், இன்னொருவர் டோலமைட் என்கிறார், மூன்றாமவர் 'எல்லாம் ஒண்ணுதாங்க, சுண்ணாம்புக்கல்தான்' என்கிறார். எல்லாம் ஒன்றுதானா, சுண்ணாம்புக்கல்லில் உண்மையில் என்னென்ன இருக்கிறது, அதை எப்படி வகை பிரிக்கிறார்கள், தான் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாமவர் சொன்னது தவறு. மற்ற இருவர் சொன்னது சரியா என்பது மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்புக்கல் குவாரி ஆய்வகத்தில் பல வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நம் ஊர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேலத்திலிருந்து ஓமலூர் போகிற வழியில், கருப்பூர் தாண்டும் முன்பே, ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று மண்மேடுகள் தெரியும். அந்தக் கரடுகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'சாக் ஹில்ஸ்', அதாவது சாக்குக்கட்டி மலை. வெள்ளையாக இருந்தது, இங்கிலாந்துக் கடற்கரைச் சாக்குப்பாறை (மெத்தென்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல்) ஞாபகம் வந்திருக்கும், வைத்துவிட்டான். அந்த மலையில் சாக்கு ஒரு பிடி கூடக் கிடையாது. அங்கே இருப்பது மேக்னசைட். நம் ஆட்கள் அதை வெள்ளைக்கல் என்றார்கள், வெள்ளக்கல்பட்டி என்று ஊருக்கே பெயர் வந்தது. ரயில்வேக்காரர்கள் மட்டும்தான் ஸ்டேஷனுக்கு மேக்னசைட் ஜங்ஷன் என்று வேதியியல் முறைப்படி பெயர் வைத்தார்கள். 1864-லேயே வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சிப் பகுதிகளின் பாறைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதிவிட்டார்கள். அந்த ஃபூட் பின்னாளில் உங்கள் ஏற்காட்டிலேயே குடியேறியவர். ஆனாலும் 'சாக்' என்ற பழைய பெயர் போகவில்லை.

மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பெயரில் பாதி ஒன்றுபோல இருப்பதால் அண்ணன் தம்பி மாதிரி தோன்றும். பிறந்த விதமே வேறு. சேலத்து மேக்னசைட் கடலில் படிந்தது அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து வந்த டூனைட் என்ற பச்சைநிறப் பாறையில் மெக்னீசியம் ஏராளம். கரியமில வாயு கரைந்த நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, அதிலிருந்த மெக்னீசியத்தைக் கார்பனேட்டாக மாற்றியது. அதனால்தான் சுரங்கத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்பு ஓடினதுபோல, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். அந்த நரம்பைத்தான் கையால் உடைத்துப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மூத்த கெமிஸ்ட் மேசைமேல் இரண்டு கல்லை வைத்தார். ஒன்று பால் வெள்ளை, பீங்கான் உடைந்ததுபோல வழவழப்பான முகம். இன்னொன்று அழுக்குச் சாம்பல் நிறம், நடுவில் பச்சையாக ஏதோ புள்ளிகள். 'எதுடா நல்ல சுண்ணாம்புக்கல்?' என்றார். நான் யோசிக்கவே இல்லை, வெள்ளையைத் தொட்டேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொட்டுக் குழாயில் எடுத்து அதன்மேல் விட்டார். கல் சும்மா இருந்தது, தண்ணீர் விட்டதுபோல ஈரம் மட்டும் பரவியது. அடுத்து அந்த அழுக்குக் கல்லில் ஒரு சொட்டு. சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி 'ஸ்ஸ்' என்று நுரைத்துப் பொங்கியது. நுரைத்ததுதான் சுண்ணாம்புக்கல், வெள்ளை மேக்னசைட். 'கண்ணை நம்பாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சுண்ணாம்புக்கல் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று கட்டாயமே இல்லை. இரும்பு கொஞ்சம் கலந்தால் மஞ்சள், செம்பழுப்பு. கரிப்பொருள் கலந்தால் சாம்பல், கருப்பு வரைக்கும் போகும். மறுபக்கம், வெள்ளையாக இருப்பதில் மேக்னசைட் உண்டு, வயலில் பொறுக்கும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) உண்டு, ஃபெல்ஸ்பார் உண்டு, ஜிப்சம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸே பெரும்பாலும் ஜிப்சம்தான், அதாவது கால்சியம் சல்ஃபேட். வாசலில் போடும் கோலமாவும் இன்றைக்குக் கல்மாவுதான். எந்தக் கல் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் தோட்டத்துக்குக் கேட்டாக வேண்டும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? சுத்தமான கால்சைட் கனிமத்தை எடுத்துக்கொண்டால் 100 கிலோவில் 56 கிலோ கால்சியம் ஆக்சைடு, 44 கிலோ கரியமில வாயு. கணக்கு இவ்வளவுதான். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதும் இதுவே: சுமார் 900 டிகிரி செல்சியஸில் கல் சுடப்படும்போது அந்த 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும், மிஞ்சும் 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பு. கல்லின் உருவம் மாறாது, ஆனால் கையில் எடுத்தால் பஞ்சுபோல லேசாக இருக்கும். அதில் 18 கிலோ தண்ணீர் சேர்ந்தால் கொதித்து, வெடித்து, பூத்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் அடித்தபின் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். வெள்ளையடித்த சுவர் என்பது மெல்லிய தோலாகப் பூசிய சுண்ணாம்புக்கல்தான்.

இதே கணக்கில் மேக்னசைட்டைப் பாருங்கள்: மெக்னீசியம் ஆக்சைடு 47.8 சதவீதம், கரியமில வாயு 52.2. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டோலமைட். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அணுவுக்கு அணு சமமாக, அடுக்கடுக்காக அமைந்திருக்கும்: கால்சியம் ஆக்சைடு 30.4, மெக்னீசியம் ஆக்சைடு 21.9, கரியமில வாயு 47.7. சுண்ணாம்புக்கல்லையும் மேக்னசைட்டையும் அரைத்துக் கலந்தால் டோலமைட் ஆகாது. அது தனிக் கனிமம். கனமும் கடினமும் கூடத் தனித்தனி. கால்சைட்டின் அடர்த்தி 2.71, டோலமைட் 2.85, மேக்னசைட் ஏறக்குறைய 3. கால்சைட்டைச் செப்புக் காசால் கீறலாம், மற்ற இரண்டையும் கீறுவது சிரமம். பேனாக் கத்தி மூன்றையும் கீறும். வெங்கச்சங்கல்லைக் கத்தியும் கீறாது, அது கண்ணாடியையே கீறும்.

இயற்கையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் இப்படிச் சுத்தமாக இருப்பதில்லை. மணல், களிமண் வழியாகச் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு வந்து சேரும். மெக்னீசியம் கொஞ்சமாவது இருக்கும். கந்தகம், பாஸ்பரஸ், சோடியம், பொட்டாசியம் எல்லாம் துளித்துளி. ஆய்வக அறிக்கையில் கடைசியாக எல்.ஓ.ஐ. என்று ஒரு எண் இருக்கும். மாதிரியை ஆயிரம் டிகிரி அளவில் சுட்டு, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது அது. தமிழில் எரிப்பிழப்பு என்று சொல்லலாம். சுண்ணாம்புக்கல்லில் அந்த இழப்பு ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயு. அறிக்கை வாங்குகிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத வரி, ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

வகைப்பாட்டுக்கு வருவோம். 'சுண்ணாம்புக்கல் எத்தனை வகை?' என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. கேட்கிறவருக்கு ஏற்றபடி மாறும்.

வேதியியல்காரர் மெக்னீசியத்தை வைத்துப் பிரிப்பார். பெட்டிஜான் என்ற அமெரிக்க நிலவியலாளர் போட்ட அளவுகோல் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. மெக்னீசியம் ஆக்சைடு 1.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உயர் கால்சியச் சுண்ணாம்புக்கல். 2.1 வரை மெக்னீசியச் சுண்ணாம்புக்கல். 10.8 வரை டோலமைட் கலந்த சுண்ணாம்புக்கல். 19.5 வரை கால்சைட் கலந்த டோலமைட். அதற்கு மேல் டோலமைட். அந்த 2.1 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கல்லில் பத்தில் ஒரு பங்கு டோலமைட் இருந்தால் ஏறக்குறைய அந்த எண் வரும், 10.8 என்பது பாதிக்குப் பாதி.

தொழிற்சாலைக்குக் கல் தேடுகிறவர் தூய்மையை வைத்துப் பிரிப்பார். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வுத்துறையின் அட்டவணைப்படி கால்சியம் கார்பனேட் 98.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மிக உயர்ந்த தூய்மை, 97 வரை உயர்ந்தது, 93.5 வரை நடுத்தரம், 85 வரை குறைந்த தூய்மை, அதற்கும் கீழே தூய்மையற்றது. கேட்க அவமானமாக இருந்தாலும், சிமெண்டுக்குப் போகும் கல்லில் கணிசமான பங்கு இந்தக் கடைசி இரண்டு படிகளில்தான் நிற்கும்.

நிலவியல்காரர் கல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்பார். இங்கேதான் தமிழ்நாடு சுவாரசியமானது. அரியலூர், டால்மியாபுரம் பக்கம் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சியில் குவாரி முகத்தைப் பார்த்தால் சிப்பி ஓடுகள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கிடக்கும், உள்ளங்கை அகலத்துக்குக் கூட. கல் பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும், நம் ஊர்க்காரர் யாரும் முதல் பார்வையில் அதைச் சுண்ணாம்புக்கல் என்று சொல்லமாட்டார்.

நம் சங்ககிரிக் கல் வேறு சாதி. அதுவும் ஆதியில் கடல் படிவுதான். ஆனால் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, பூமிக்கடியில் ஆழமாகப் புதைந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பழைய உருவத்தை இழந்து படிகமாகிவிட்டது. படிகச் சுண்ணாம்புக்கல் என்போம், மார்பிள் என்று சொன்னாலும் தவறில்லை. புதிதாக உடைத்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள், கல்கண்டு உடைத்தமாதிரி ஒவ்வொரு படிகத்தின் தட்டையான முகமும் மாறி மாறி மின்னும். சிப்பி, நத்தை எதையும் தேடாதீர்கள், எல்லாம் கரைந்து போய்விட்டது. மதுக்கரை, தாழையூத்து, சங்ககிரி ஆகிய ஊர்களின் சிமெண்ட் ஆலைகளெல்லாம் இந்த வகைக் கல்லை நம்பி வந்தவை.

மூன்றாவது நம் மேட்டுக்காட்டில் கிணறு வெட்டும்போது கிடைக்கும் சுக்கான்கல். இஞ்சிக் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாக மண்ணுக்குள் இருக்கும். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வறண்ட பூமியில் மண்நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் அங்கேயே உறைந்துபோகிறது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதே சங்கதி. அந்த ஏட்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், மெல்ல நுரைக்கும்.

நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு முறை உண்டு, ஃபோக் 1959-ல் கொடுத்தது, டன்ஹாம் 1962-ல் கொடுத்தது. கல்லில் துணுக்குகள் எவை, அவற்றுக்கு நடுவே சேறு இருக்கிறதா, பிற்பாடு வளர்ந்த படிகம் இருக்கிறதா, துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவா என்று பார்த்துப் பெயர் வைப்பார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கும் அரியலூரில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கும் இது உயிர். சங்ககிரிக் கல்லுக்கு இதனால் அதிகப் பயன் இல்லை. டன்ஹாம் முறையில் அது 'படிகக் கல்' என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடும், கதை முடிந்தது.

கல்லை விலைக்கு வாங்குகிறவருக்கு மேலே சொன்ன எந்த வகையும் முழுசாக உதவாது. அவர் கேட்பது 'எனக்கு ஆகுமா?' என்பதை மட்டும்தான். சிமெண்டுக்குக் கால்சியம் ஆக்சைடு 42 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, மெக்னீசியம் ஆக்சைடு குறைவாக இருக்கவேண்டும். சிலிக்கா இருந்தால் அவர் கவலைப்படமாட்டார், எப்படியும் களிமண் கலந்துதான் சுடப்போகிறார். மெக்னீசியத்துக்கு மட்டும் பயப்படுவார். ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையில் சுட்டு வரும் சிமெண்ட் கட்டி) சுமார் ஒன்றரை டன் கல் போகும். வாயு பறந்தபின் மெக்னீசியத்தின் விகிதம் அதே அளவுக்கு ஏறிவிடும், கல்லில் 3 என்றால் கிளிங்கரில் நாலரையைத் தொடும். இந்தியத் தர நிர்ணயம் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் அதிகபட்சம் 6 தான் அனுமதிக்கிறது. இரும்பு உலைக்காரர் நேர் எதிர். கல்லில் சிலிக்கா இருப்பதுதான் அவருக்கு ஆகாது, ஏனென்றால் தாதுவிலுள்ள சிலிக்காவைக் கசடாகப் பிரிக்கத்தான் அவர் சுண்ணாம்புக்கல்லே போடுகிறார். மெக்னீசியம் கொஞ்சம் இருந்தால் கசடு நன்றாக ஓடும் என்று டோலமைட்டை அவரே கேட்டு வாங்குவார். எஃகு உருக்குகிறவர் அதைவிடச் சுத்தம் கேட்பார். சர்க்கரை ஆலை, பிளீச்சிங் பவுடர், காகிதம் எல்லாம் இன்னும் நாக்கு நீளம்.

மேக்னசைட்டும் உலைக்குத்தான் போகிறது, ஆனால் வேறு வேலைக்கு. 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைச் செங்கல்லாக்கி எஃகு உலைகளின் உட்சுவராக அடுக்குகிறார்கள். சேலத்து வெள்ளைக்கல்லின் மதிப்பு அதில்தான், வயலில் கொட்டுவதில் இல்லை.

இப்போது ஓர் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதுகிறேன்: கால்சியம் ஆக்சைடு 47.6, மெக்னீசியம் ஆக்சைடு 2.4, சிலிக்கா 7.1, அலுமினா 1.3, இரும்பு ஆக்சைடு 0.9, எரிப்பிழப்பு 40.0. மிச்சம் 0.7 சில்லறை.

கால்சியம் ஆக்சைடை 1.785-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட்: 85. மெக்னீசியம் ஆக்சைடை 2.092-ஆல் பெருக்கினால் மெக்னீசியம் கார்பனேட்: 5. ஆக கார்பனேட் 90 சதவீதம். தூய்மை அட்டவணை பார்ப்பது கால்சியம் கார்பனேட்டை மட்டும்தான், அந்த 85 கடைசிப் படியின் வாசலில் நிற்கிறது. மெக்னீசிய அளவுகோலில் டோலமைட் கலந்த சுண்ணாம்புக்கல். சிமெண்ட்காரருக்கு நல்ல கல். எஃகு உருக்குகிறவர் ஏழு சதவீத சிலிக்காவைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரே கல்லுக்கு நாலு பெயர்.

இனி எரிப்பிழப்பு. 47.6 கால்சியம் ஆக்சைடோடு சேர்ந்திருக்கவேண்டிய கரியமில வாயு 37.4. மெக்னீசியத்துக்கு 2.6. கூட்டினால் 40. அறிக்கையிலும் 40, கணக்கு சரி. இதே அறிக்கையில் எரிப்பிழப்பு மட்டும் 37 என்று வந்திருந்தால்? மூன்று சதவீத வாயுவைக் காணோம். பல பேர் இதை ஆய்வகப் பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள். சங்ககிரி மாதிரிப் படிகக் கல்லில் இது பிழையாக இருக்கவேண்டியதில்லை. பூமிக்கடியில் வெந்தபோது கால்சைட்டும் சிலிக்காவும் சேர்ந்து வொல்லாஸ்டனைட், டயாப்சைட் என்று சிலிக்கேட் கனிமங்களாக மாறியிருக்கும். எங்கள் கெமிஸ்ட் காட்டிய அழுக்குக் கல்லின் பச்சைப் புள்ளிகள் டயாப்சைட்தான். அந்தக் கனிமங்களில் கால்சியம் இருக்கும், கார்பனேட் இருக்காது. ஆய்வகம் கால்சியத்தை மொத்தமாக எண்ணிவிடும். மூன்று சதவீத வாயு குறைந்தால் ஏறக்குறைய 3.8 சதவீதக் கால்சியம் ஆக்சைடு சிலிக்கேட்டில் பூட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம். சிமெண்ட் சூளையில் அந்தக் கால்சியமும் வேலைக்கு ஆகும். காளவாயில் சுடுகிறவருக்கும், மண்ணில் போடுகிற உங்களுக்கும் அது கிட்டத்தட்ட வெறும் கல். அதனால்தான் அந்த வரியை முதலில் பாருங்கள் என்கிறேன்.

சுட்ட சுண்ணாம்புக்கும் தனி வகைப்பாடு இருக்கிறது. ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தரம் கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை பிரிக்கிறது. கல்லில் களிமண் கலந்திருந்தால் சுண்ணாம்பு தண்ணீருக்கடியிலும் இறுகும், அது ஏ, பி. சுத்தமான கல்லில் வருவது சி, வெள்ளையடிக்கவும் மேல்பூச்சுக்கும். மெக்னீசியச் சுண்ணாம்பு டி, சுக்கான்கல் சுண்ணாம்பு இ, சிலிக்காவும் டோலமைட்டும் கலந்தது எஃப். நம் கொத்தனார்களுக்கு இந்த எழுத்துகள் தெரியாது, ஆனால் கல்சுண்ணாம்பு எதற்கு, கிளிஞ்சல் சுண்ணாம்பு எதற்கு என்று துல்லியமாகத் தெரியும். சிப்பி ஓட்டில் களிமண் கிடையாது, அதனால் பூச்சு வழவழவென்று வரும், வெற்றிலைக்கும் அதுதான் நாக்குக்கு இதம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று இங்கே. அப்பா வீடு கட்டியபோது அவசரத்தில் ஒரு காளவாயிலிருந்து சுண்ணாம்பு வாங்கி, இரண்டே நாளில் நீற்றிப் பூசிவிட்டார்கள். சுவர் கண்ணாடிபோல இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் சுவரில் ஓரணா அகலத்துக்குக் குழி, குழியின் நடுவில் வெள்ளையாக ஒரு மிளகு. பிறகு அங்கங்கே பொரிந்துகொண்டே இருந்தது. அளவுக்கு மீறி வெந்த துணுக்குகள் உடனே நீறாது. குறிப்பாக மெக்னீசியம் ஆக்சைடு சோம்பேறி, மாதக்கணக்கில் தண்ணீரை இழுத்துக்கொண்டு மெல்லப் பருக்கும், பருக்கும்போது பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்டில் மெக்னீசியத்துக்கு வரம்பு வைத்ததும் இதே பயத்தால்தான். அந்தக் காலத்துக் கொத்தர்கள் குழி வெட்டிச் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டதை நாம் சோம்பல் என்று நினைத்தோம்.

இனி உங்கள் தோட்டம். சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட், அந்தக் கருத்த கெட்டிப் பாறை. அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் உண்டு, கார்பனேட் இல்லை. அதன்மேல் காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கழுவிக் கீழே அனுப்பிவிட்டது. கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. அது முற்றிப்போனால் பாக்சைட். மலை உச்சியில் அதை வெட்டி எடுத்த குழிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் மண் புளித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. கழுவிப்போனதைத் திரும்பப் போடுவதுதான் சுண்ணாம்பு இடுவது. காபிக்குப் பிஹெச் 6-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் போதும், அதைத் தாண்ட வைக்காதீர்கள்.

எது வாங்கலாம்? சுத்தமான சுண்ணாம்புக்கல் மாவின் அமிலம் முறிக்கும் திறனை 100 என்று வைத்தால் டோலமைட் 109, நீற்றுச் சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179. மேக்னசைட்டுக்குத் தாளில் 119 வரும். அதைக் காட்டி யாராவது 'சுண்ணாம்பைவிட நல்லது' என்று விற்க வந்தால் வாங்கவேண்டாம். அந்த 119 கரைந்தால்தான் உண்டு, மேக்னசைட் மண்ணில் கரைவது ஆமை வேகம். கரைந்தாலும் வெறும் மெக்னீசியம்தான் ஏறும், கால்சியம் வராது, செடி பொட்டாசியம் எடுப்பதும் கெடும். சுட்ட சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும், வேர்ப்பக்கம் விழுந்தால் செடிக்கும் ஆகாது. மண் அறிக்கையில் மெக்னீசியமும் குறைவு என்று இருந்தால் டோலமைட் மாவு, மெக்னீசியம் போதுமானது என்றால் சுண்ணாம்புக்கல் மாவு. என் யோசனை இவ்வளவுதான். ஏக்கருக்கு எவ்வளவு என்பது உங்கள் மண் அறிக்கை சொல்வது, நான் சொல்லக்கூடாது.

மாவின் நயமும் முக்கியம். ரவை மாதிரி இருந்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், விரலில் தேய்த்தால் கோதுமை மாவுபோல இருக்கவேண்டும்.

கடையில் சோதிப்பது எளிது. ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கொண்டு போங்கள், பத்து சதவீதம் போதும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவில் சொட்டுவிடாதீர்கள், முடிந்தால் அரைக்காத கல் துண்டு ஒன்று கேளுங்கள். கட்டியான கல்லிலேயே படபடவென்று பொங்கினால் சுண்ணாம்புக்கல். கல்லில் சும்மா இருந்து, கத்தியால் சுரண்டிய பொடியில் மட்டும் மெல்ல நுரைத்தால் டோலமைட். பொடியிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை, ஆசிட்டைச் சூடாக்கினால்தான் நுரைக்கிறது என்றால் அது கருப்பூர் வெள்ளைக்கல். சூட்டிலும் அசையாவிட்டால் வெங்கச்சங்கல் மாவு, கோலம் போடலாம். மாவு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இந்தச் சோதனை சுண்ணாம்புக்கல்லையும் டோலமைட்டையும் தெளிவாகப் பிரிக்காது, இரண்டுமே நுரைக்கும். அப்போது ஒரு கைப்பிடி மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து கால்சியம் ஆக்சைடு, மெக்னீசியம் ஆக்சைடு, எரிப்பிழப்பு ஆகிய மூன்று எண்களை மட்டும் வாங்குங்கள். எரிப்பிழப்பு 44-ஐ ஒட்டி வந்து மெக்னீசியம் ஒன்றிரண்டுக்குள் இருந்தால் நல்ல சுண்ணாம்புக்கல். 47-ஐ ஒட்டி வந்து மெக்னீசியம் இருபதைத் தொட்டால் நல்ல டோலமைட். 50-ஐத் தாண்டினால் மூட்டையைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மறந்தே போனேன். மாவு வந்து இறங்கியதும் உரம் போடும் ஆட்களையே விட்டு யூரியாவோடோ அம்மோனியம் சல்ஃபேட்டோடோ சேர்த்துத் தூவச் சொல்லிவிடாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் அவற்றிலிருக்கும் நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைப் பொத்தவைக்கும் நெடி வந்தால் உங்கள் உரக்காசு பறக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பை முதலில் ஈரமண்ணில் தூவிக் கலந்துவிடுங்கள், உரத்துக்குச் சில வாரம் கழித்து நாள் பாருங்கள்.